கரண்டு வண்டிக்குப் பூக் கேட்கப் போனது

செல்லாண்டியம்மன் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளை விடிவதற்குள் என் மீசை ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்து போகட்டும், பீளமேடே கூடி நின்று சிரிக்கட்டும். ஆறுக்குட்டி சொன்னால் பாதியைக் கழித்துவிட்டுக் கேள் என்று நான் பம்புக் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே ஒரு பேச்சு உண்டு. இன்றைக்குக் கழிக்காதீர்கள். எதைக் கழிப்பது எதை வைப்பது என்று எனக்கே தெரியாமல்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் வாழையிலையில் மடித்த இரண்டு பூப்பொதிகள். ஒன்றில் வெள்ளை அரளி இருக்க வேண்டும், மற்றதில் செவ்வரளி. கோயிலில் அம்மன் காலடியில் வைப்போம், பேத்தி கனிஷ்கா ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். பெண் பார்த்தாலும் கிணறு தோண்டினாலும் எங்கள் குலக் கூட்டத்தில் பூக் கேட்காமல் ஒன்றும் நடக்காது, பொதி மடிப்பது வீட்டுக்கு மூத்தவன் வேலை, அதாவது என் வேலை. இன்றைக்குக் கேட்கப்போவது, இந்தப் பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கரண்டு வண்டி வாங்கலாமா என்று. இந்த வண்டி என்றால் இப்போது ஓட்டுகிறேனே, இதே குட்டை வண்டிதான். பக்கத்தில் மகன் நவநீதன், பின்னால் மருமகள் பிருந்தா, நடுவில் கனி, அந்த ஓரத்தில் என் வீட்டுக்காரி ராமாத்தாள். "ஓட்டுங்கப்பா, அம்மன் சரின்னுட்டா இதுல உங்களுக்கு இதுதான் கடைசி ஓட்டம்" என்று நவநீதன்தான் சாவியைக் கையில் வைத்தான். அன்பாகத்தான் வைத்தான். அவனுக்குத் தெரியாதது இரண்டு. பொதிகளில் நான் கை வைத்தது ஒன்று. என் வலக் கண் கிட்டத்தட்டச் செத்து, இடக் கண்ணும் மங்கிப்போனது இன்னொன்று.

கை வைத்தேன் என்றால், வைக்கத்தான் நினைத்தேன். இரண்டு பொதியிலும் சிவப்பையே மடித்துவிட்டால் குழந்தை எதை எடுத்தாலும் வேண்டாம் என்று வரும், வண்டி தங்கும், நானும் தங்குவேன். அம்மனை ஏமாற்றுவதா என்று கேட்காதீர்கள், அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, சின்ன விளையாட்டைப் பொறுத்துக்கொள்வாள். விடிகாலையில் கரண்டு போயிருந்தது. கரண்டு வண்டிக்கு என்ன ஒரு சகுனம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே பூசையறையில் உட்கார்ந்தேன். தட்டில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம் கைவிட்டு முதல் பொதியை மடித்தேன். அதற்குள் ராமாத்தாள் விளக்கோடு வந்து, "தட்டை அந்தாண்ட தள்ளுங்க, வெளக்கு வெக்கோணும்" என்று தானே நகர்த்தினாள். நகர்த்தினாளா, திருப்பினாளா? வெளிச்சம் வந்தது எனக்கு இன்னும் மோசம், சுடரைச் சுற்றி ஒரு பெரிய வளையம், நடுவில் சாம்பல், பூவெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை மாதிரி ஒரே நிறம். மறுபடியும் இடப்பக்கம் கைவிட்டு இரண்டாவதை மடித்தேன். தட்டைத் திருப்பியிருந்தால் இரண்டாவது வெள்ளை. வெறுமனே நகர்த்தியிருந்தால் சிவப்பு. சரி, முதலில் இடப்பக்கம் சிவப்பு என்று யார் சொன்னது? பூவைப் பறித்து அடுக்கியது பிருந்தா. "செவப்பு இந்தப் பக்கமுங்க மாமா" என்றாள். அவள் எனக்கு எதிரே நின்று சொன்னாளா, பக்கத்தில் நின்று சொன்னாளா? எதிரே நின்றவளின் இந்தப் பக்கம் எனக்கு அந்தப் பக்கம் ஆயிற்றே. அப்படியானால் இரண்டும் வெள்ளையாகவும் இருக்கலாம். என் கையாலேயே என் வண்டிக்குக் கொள்ளி வைத்துவிட்டேனா? முகர்ந்து பார்த்தால், அரளியில் வெள்ளைக்கு ஒரு வாசனை சிவப்புக்கு ஒரு வாசனை என்று எந்தக் கழுதை சொன்னது.

சூலூர்ப் பிரிவு தாண்டியாயிற்று. மூன்றாவது கியரில் முனகுகிறது, அப்படியென்றால் நாற்பது. கொஞ்சம் அழுத்தினால் தொண்டையைச் செருமும், அது ஐம்பது. நான்காவதில் தாய்ப்பசுவைக் கண்ட கன்று மாதிரி ஒரு குரல் வரும், அது எண்பது. வேகம் காட்டும் முள்ளை நான் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தெரியாது. ஒரு வருஷமாக இந்த வண்டியைக் காதால்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். கிணற்றுக்குள் ஓடும் மோட்டாரை மேலே நின்று காதாலேயே வைத்தியம் பார்த்தவன் நான், பேரிங் போயிற்றா, காற்று இழுக்கிறதா என்று தண்ணீரைப் பார்க்காமலே சொல்வேன். காதுக்கு எட்டாததை ராமாத்தாள் பார்த்துக்கொள்வாள். வழக்கமாக அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, "நாயி வருது, லாரிக்காரன் வாரான், சைக்கிளு, சைக்கிளு" என்று ஓதிக்கொண்டே வருவாள், நானும் "வாயை மூடிட்டு வா புள்ள" என்று திட்டிக்கொண்டே அவள் சொன்னபடி ஒதுங்குவேன். இன்று அவள் பின்னால் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். காதுக்குள் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது, என்னவென்று இப்போதுதான் பிடிபடுகிறது. எப்பேர்ப்பட்ட வண்டி இது. நான்கு பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேரும் ஒரு சண்டையும் உட்காரலாம். பின்கதவை மேலே தூக்கிப் பின்சீட்டை மடக்கிப் போட்டால் கட்டில் போகும், வாழைத்தார் போகும், கனியின் சைக்கிள் போகும், ராமாத்தாள் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்தபோது அவளுடைய நடைவண்டியும் போயிற்று. சந்துக்குள் திரும்பும், கல்யாண மண்டப வாசலில் இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே புகுந்து நிற்கும். இவ்வளவும் சாதுவாகச் செய்துவிட்டு, காலை அழுத்தினால் மிரண்ட கிடாய் மாதிரி ஒரு பாய்ச்சல். ஒருமுறை கருமத்தம்பட்டியில் தும்மினேன், அந்தத் தும்மல் சத்தம் தெக்கலூர் தாண்டித்தான் எங்களைப் பிடித்தது. ராமாத்தாளைக் கேளுங்கள், இல்லை என்பாள், அவள் தூங்கியிருப்பாள். ஒரே வண்டி குடும்பத்துக்கும் ஆக வேண்டும், குடும்பத்தில் ஒருத்தனுடைய கிறுக்குக்கும் ஆக வேண்டும். அதற்குத்தான் இந்த மாதிரிக் குட்டை வண்டியைச் செய்தார்கள். கிறுக்குக்குத் தனியாக வண்டி வாங்க எந்த வீட்டில் விடுவார்கள்?

பக்கத்தில் பேச்சு சூடாகிறது. "இனி இந்த மாதிரி சின்ன வண்டி வராதாமா, எல்லாரும் ஒசரமாத்தான் கேக்கறாங்க" என்கிறான் நவநீதன். "நம்ம தெருவுல அத்தன பேரும் யானை யானையா வாங்கி நிறுத்தியிருக்காங்க, கோலம் போட எடமில்ல" என்கிறாள் பிருந்தா. "அதனாலதான் சொல்றேன், கரண்டுலயும் குட்டை வண்டியே எடுத்துக்கலாம். இதவிட வேகம் பிருந்தா, அழுத்துன உடனே முதுகு சீட்டோட ஒட்டிக்கும்." "ஒட்டட்டும். நடுவழியில சார்ஜ் தீந்தா யாரு தள்ளறது? நீங்களா, மாமாவா?" "அப்பா தள்ள வேண்டாம், ஒரு கதை சொன்னாப் போதும், வண்டி தானா ஓடீரும்." எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், சிரிக்கும்போது பாதை கலங்குகிறது. போன வாரம் வண்டிக் கடையில் அந்தக் கரண்டு வண்டியை ஓட்டிப்பார்க்கச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. ஏனுங், கெளம்பவே இல்லையே என்றேன். கெளம்பீருச்சுங்கய்யா, அழுத்துங்க என்றான் கழுத்துப்பட்டை கட்டிய பையன். அழுத்தினேன். சத்தம் இல்லை. நிற்கிறதா போகிறதா தெரியவில்லை. கிணற்றுக்குள் தலைகீழாக விழுகிறவனுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன், அதற்குள் "மாமா, அறுவதுல போறீங்க!" என்று பிருந்தா பின்னாலிருந்து கத்தினாள். அறுபதா? நான் நடக்கிற வேகம் என்றல்லவா நினைத்தேன். ஓரமாக நிறுத்தி இறங்கி, சீட்டு சுடுகிறது, எனக்கு மூலச் சூடு, ஆகாது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என் பொய்களில் அதுதான் ஒசத்தி, அலங்காரமே இல்லாதது. கனி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருங்காலம் என்று இவர்கள் சொல்வது சத்தமில்லாமல் வரப்போகிறது, அதில் எனக்கு ஓரத்துச் சீட்டுத்தான், ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கலாம், வேடிக்கையும் பாதிதான் தெரியும். அதனால்தான் சிவப்பு. இரண்டிலும் சிவப்பு. தட்டைத் திருப்பினாளா, நகர்த்தினாளா?

பெரிய ரோட்டைவிட்டுக் கோயில் தடத்தில் திரும்பிவிட்டேன். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே சன்னமான தார். "அப்பாரு, பறக்கலாம், பறக்கலாம்!" என்று கனி பின்னாலிருந்து என் தோளைத் தட்டுகிறாள். கடைசி ஓட்டம்தானே, யாருக்குத் தெரியும், அழுத்தினேன். கன்றுக்குட்டிக் குரல் வந்தது, அதையும் தாண்டி ஒரு குரல் வந்தது, எனக்கு முப்பது வயசு, கையில் மொபெட், பின்னால் புதுப்பெண்டாட்டி ராமாத்தாள், முந்தானை சக்கரத்தில் சிக்கிவிடும் என்று அவள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மொபெட், மொபெட் சத்தம், இது நினைவில் வரும் மொபெட்டா, "அப்பா! பிரேக்கு! அப்பா!" கால் தானாக மிதித்தது. வண்டி நின்றது. வலப்பக்கம், மிக அருகில், என் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடலாம், புல்லுக்கட்டு வைத்த மொபெட்டில் ஒரு பெண். அவள் எப்போது வந்தாள், வேலிச் சந்திலிருந்தா, வானத்திலிருந்தா? "ஏனுங் பெரியவரே, கண்ணு பொடனீலயா இருக்குது? இத்தாச்சோட்டுப் பெரிய மொபெட்டு தெரியலீங்களா? எம் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா என்னைய எங்கீன்னு தேடுவான்?" என்று கேட்டாள். நவநீதன்தான் இறங்கி, "மன்னிச்சுக்குங்க அக்கா, தடம் சன்னமா இருக்குது" என்று தடத்தின் மேல் பழியைப் போட்டான். ஏறி உட்கார்ந்து, "பிரேக்கைப் பாத்தியா பிருந்தா, என்ன சொன்னாலும் இந்த வண்டி வண்டிதான்" என்றான். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பின்னால் திரும்பினேன். கனி முன்சீட்டில் மோதி மோவாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், புளிசாதத் தூக்கு அவள் மடியில் கவிழ்ந்திருந்தது. அழுகிறாளோ என்று பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை, குரல்தான் வந்தது. "அப்பாரு, இன்னொருக்கா!" அந்த இன்னொருக்கா என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ராமாத்தாள் விழித்து, "என்னுங்க, கோயல் வந்திருச்சுங்களா?" என்றாள். இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிட வேண்டும், நடந்தே போனாலும் வந்துவிட வேண்டும். இரண்டாவது கியருக்கு மேல் நான் போகவில்லை. இரண்டும் சிவப்பாக இருந்தால் என்ன செய்வேன்? கரண்டு வண்டி வந்தால் நான் ஓட்ட மாட்டேன், ஓட்ட முடியாது, யாரிடமும் எதையும் சொல்லாமலே இறங்கிவிடலாம். அம்மா தாயே, வெள்ளையாக இருக்கட்டும். ராமாத்தா, நீ தட்டைத் திருப்பித் தொலைத்திரு.

கோயில் வேப்பமரத்தடியில் எல்லோரும் கை கால் கழுவப் போனபோது கனியை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன். பின்கதவைத் தூக்கினால் குடை மாதிரி நிற்கும், அதன் அடியில் இருவரும் ஒண்டிக்கொண்டோம். "அம்மணி, அப்பாருக்குக் கண்ணாடி கொண்டார மறந்துபோச்சு, இதப் பிரிச்சு என்ன நெறம்னு சொல்லு." பிரித்தாள். "ஒண்ணு வெள்ள. ஒண்ணு செவப்பு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாகச் சொல்லாத பொய்யில்லை, இன்றைக்குத் திட்டம் போட்டுச் செய்த திருட்டு, தவறிப்போய் நேர்மையாக முடிந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் அம்மன் பாடு. ஆனால் அந்த இன்னொருக்கா உள்ளே உட்கார்ந்திருக்கிறதே. கிணற்றோரம் அரளி பூத்திருந்தது. "அதுல போயி வெள்ளப் பூ ஒண்ணு பறிச்சுட்டு வா, செவப்பை எறிஞ்சுட்டு ரெண்டுலயும் வெள்ளையே வெச்சு மடிச்சுரு" என்றேன். "எதுக்குங்க அப்பாரு?" "அம்மனுக்கு இந்த மாசம் செவப்பு ஆகாது, நேத்துதான் எங்கிட்டச் சொன்னா." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், சீட்டு சுடுகிறது என்று நான் சொன்ன அன்று பார்த்த அதே பார்வை. "செரி" என்று ஓடினாள். மடித்துக்கொண்டு வந்து என் பையிலேயே போட்டாள். பூசாரி பண்டாரம் தீபம் காட்டினார். நவநீதன் சத்தமாகக் கேட்டான், "தாயி, பெட்ரோல் வண்டியக் குடுத்துட்டுக் கரண்டு வண்டி எடுக்கலாமா?" கனி கண்ணை மூடிக் கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். பண்டாரம் பிரித்தார். எனக்கு நிறம் தெரியவில்லை, முகங்கள்தான் மங்கலாக. "செவப்புங்க" என்றார்.

பிருந்தா பெருமூச்சு விட்டாள். நவநீதன் தலையைச் சொறிந்துகொண்டு, "செரி, அம்மன் வாக்கு. ஏனுங்கப்பா, நீங்களே ஓட்டுங்க, இனி உங்க வண்டிதான்" என்று சாவியை நீட்டினான். கனி என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள், காதில் சூடாக மூச்சு விழுந்தது. "நான் ரெண்டுலயும் செவப்புத்தான் வெச்சேன். கரண்டு வண்டி வந்துட்டா நீங்க ஓட்ட மாட்டீங்கல்ல?" எனக்காக. இந்தச் சின்ன வாய் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது, என் ரத்தமல்லவா. சாவி என் முகத்துக்கு நேரே தொங்குகிறது, வெறும் பளபளப்பு, அதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை, தப்பான இடத்தில் கை நீட்டிவிடுவேனோ. எடுத்துக்கொள், ஆறுக்குட்டி, அம்மனே கொடுத்திருக்கிறாள். வீடு திரும்பும் வழியில் ராமாத்தாளை முன்னால் உட்கார வைத்தால் போயிற்று. நாளைக்கு? பள்ளிக்கூடத்திலிருந்து கனியைக் கூட்டிவரும்போது யார் ஓதுவார்கள், நாயி வருது சைக்கிளு வருது என்று? எனக்குக் கண் தெரியாது நவநீதா என்று சொல்லிவிடலாம். நாலே நாலு சொல். உண்மை பேசிப் பழக்கமில்லாத நாக்கு, முதல் சொல்லிலேயே வழுக்குகிறது. அப்போதுதான் முழங்கால் நடுங்கியது. முதலில் நான்தான் நடுக்கினேன், அதில் சந்தேகமில்லை, என் காலை நான்தான் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே "ஏய்ய்ய்" என்று ஒரு கூச்சல் போட்டேன். பண்டாரம் உடுக்கையை எடுத்தார். பிறகு கை நடுங்கியது, அதை நான் நடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "யாரு வந்திருக்கறது?" என்று பண்டாரம் கேட்டார். "நாந்தாண்டா! வண்டி இருக்கட்டும்டா! ஓட்டறவனை மாத்துடா!" "ஏன் தாயி, அவரு என்ன குத்தம் பண்ணுனாரு?" என்று அழுகிறாள் ராமாத்தாள். "இவனுக்கு வலக்கண்ணு இல்லடா! ஒரு வருசமா இல்லடா! காதால ஓட்டறான், கொழந்தைய வெச்சுக்கிட்டு ஓட்டறான், சாவியக் குடுக்காதீங்கடா! வைத்தியங்கிட்டக் கூட்டிட்டுப் போங்கடா!" திருநீறு முகத்தில் விழுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, திருநீறு பட்டதால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியது நான் என்றால், நிறுத்த நினைத்தபோது ஏன் நிற்கவில்லை?

இப்போது பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை, நடுவில் இருக்கிறவன் முழங்காலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் ராமாத்தாள் என் வலக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். மறுபக்கம் கனி ஒட்டி உட்கார்ந்து என் கண்ணையே மாறி மாறிப் பார்க்கிறாள், எது இல்லாத கண் என்று. நவநீதன் ஓட்டுகிறான், மெதுவாக, கியரைத் தாமதமாக மாற்றி. "நாளைக்கே கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கப்பா. அம்மனே சொல்லீருக்கா" என்கிறான், குரல் சரியில்லை. "அம்மன் வந்தாளா? என்னடா சொன்னா? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல" என்று கேட்டேன். அவனும் பிருந்தாவும் மாற்றி மாற்றி, நான் சொன்னதையெல்லாம் எனக்கே சொன்னார்கள். நான் "அடடா" என்றேன். "அப்படியா" என்றேன். என் உண்மைகளில் இந்தக் குடும்பம் பாதியைக் கழிக்காமல் நம்பிய முதல் பேச்சு. நீங்கள் நல்லவர்கள், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கேயாவது கல்யாணத்தில், கடைவீதியில் நவநீதனைப் பார்ப்பீர்கள், பேச்சுவாக்கில் இந்தக் கதை வரும். வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டுங்கள். அன்றைக்குக் கோயிலில் அதைச் சொன்னது யார் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.